மேனேஜர் இருந்தால் மட்டும் அலறும் மணி

மேனேஜரின் அறைக்குள் கால் வைத்த உடனேயே, இந்த வழக்கு குறைந்தது ஒரு மாதமாவது இழுக்க வேண்டும் என்று கொழுந்தன் மனதுக்குள் வேண்டிக்கொண்டான். அவ்வளவு குளிர்ச்சி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கித் தொழிற்சாலை வாசலுக்கு வருவதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இங்கே ஏசிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியை அண்ணி பார்ப்பதற்குள் அவன் பிடித்துவிட்டான்.

அண்ணி என்றால் அவனுடைய அண்ணனின் மனைவி. துப்பறியும் அலுவலகம் அவளுடையது. உதவியாளர் வேலை இவனுக்கு. சம்பளம் மாதாமாதம் ஒழுங்காக வரும், வந்த வேகத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று திரும்பிப் போகும். அவள் அவனை எப்போதும் 'கொழுந்தனாரே' என்றுதான் கூப்பிடுவாள். அந்த மரியாதையில் கேலி எத்தனை பங்கு என்பதை மட்டும் அவன் இத்தனை வருஷமாகியும் துப்பறிந்து முடிக்கவில்லை.

"ஆள் யாருன்னு எனக்கே தெரியும் மேடம்," என்றார் மேனேஜர். "எனக்கு வேண்டியது ஆதாரம் மட்டும்தான்."

"அப்ப தீர்ப்பையும் நீங்களே எழுதிட்டீங்கன்னா நாங்க ஏசிய மட்டும் அனுபவிச்சுட்டுக் கிளம்பிருவோம் சார்," என்றான் கொழுந்தன்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மேனேஜர் ஆரம்பித்தார். இது தைத்த சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு, மடித்து, பெட்டியில் அடுக்கி அனுப்பும் இடம். அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தேய்ப்புக் கூடம். நீராவி இஸ்திரிப் பெட்டிகளோடு பெண்கள் வரிசை வரிசையாக நின்று வேலை செய்கிறார்கள். கூடத்துச் சுவரில் ஒரு சூட்டு மீட்டர் உண்டு. கூடத்தின் சூடு ஒரு அளவைத் தாண்டினால் மணி அலறும். அலறினால் எல்லோரும் பெட்டியை நிறுத்திவிட்டு வெளியே நிழலில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். சூடு இறங்கி மணி நின்றால்தான் மறுபடி வேலை. சட்டை வாங்கும் கம்பெனிக்காரர்கள் வைத்த விதி அது.

"வருஷக்கணக்கா அந்த மீட்டர் சுவத்துல சும்மா தொங்கிட்டிருந்துச்சு மேடம். கோடை உச்சத்துல ஏதோ ஒண்ணு ரெண்டு தடவை அடிக்கும். இந்த வருஷம் பாருங்க, தினமும் அலறுது."

"வெயிலும் இந்த வருஷம் முன்னாடியே வந்திருச்சே. முன்னெல்லாம் இந்த மாசத்துல இப்படியா காஞ்சுது?"

"அதுதான் இவங்களுக்கு வசதியாப் போச்சு. ஆனா நான் ஒண்ணு கவனிச்சேன்." மேனேஜர் மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நான் லீவு போடற நாள்ல மணி அடிக்கிறதே இல்ல. மச்சினன் புதுவீட்டுக்குப் போக ரெண்டு நாள் லீவு போட்டேன், மூச்சு விடல. பல் புடுங்கப் போனேன், அன்னைக்கும் அமைதி. நான் வந்து உக்காந்தா, மதியம் டாண்ணு அடிக்குது. என்ன அர்த்தம்? என்னைக் கடுப்பேத்தறதுக்குன்னே யாரோ மீட்டரச் சூடாக்கறாங்க."

இரண்டாவது ஆதாரமும் அவரிடம் தயாராக இருந்தது. இந்தக் கூடத்துக்கே தலைவி மாதிரி ஒருத்தி இருக்கிறாள். சட்டையை அவள் மடித்தால் கோடு கத்தி மாதிரி நிற்கும் என்பதால் எல்லோருக்கும் மடிப்பக்கா. அவளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை மணி அடித்தால் உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று இவர் மிரட்டியிருக்கிறார். அதன்பிறகு சில நாட்கள் மணி வாயே திறக்கவில்லை.

"மிரட்டினதும் நின்னுபோச்சு. அப்ப செஞ்சது அவதானே? மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?"

மூன்றாவது ஆதாரம் கண்கூடு. போன வாரம் அவள் மீட்டருக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி நின்றதை அவரே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மணி அலறியது.

"கையில என்ன வச்சிருந்தாங்க?" என்றாள் அண்ணி.

"இஸ்திரிப் பெட்டி."

"பாத்தீங்களா?"

மேனேஜர் கண்ணாடித் தடுப்பைக் காட்டினார். அது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும்தான் கண்ணாடி. அதற்கு மேல் முழுக்கப் பலகை. "எனக்குத் தெரிஞ்சது ஸ்டூலும் காலும்தான். ஆனா இஸ்திரி போடறவ கையில வேற என்ன மேடம் இருக்கும்?"

"கால வச்சே கையக் கண்டுபிடிச்சுட்டீங்களே சார்," என்றான் கொழுந்தன், உண்மையான மரியாதையோடு.

சாயங்காலம் முதலாளி வருகிறார். ஆதாரம் இல்லாமல் ஆளை அனுப்பக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஆதாரம் கையில் இருந்தால் மடிப்பக்காவை இன்றே அனுப்பிவிடலாம். மேனேஜருக்கு அதுதான் வேண்டும். இவர்கள் எழுவதற்கு முன் இன்னொன்றையும் போகிற போக்கில் சொன்னார். மடிப்பக்காவின் ஓரகத்தியும், அதாவது அவள் கணவனுடைய தம்பியின் மனைவியும், இங்கேதான் வேலை செய்கிறாளாம். மணி அடிக்காமல் இருந்த நாட்களில் ஒரு மதியம் அவள் மேசையருகிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, இப்போது வீட்டில் படுத்திருக்கிறாள்.

"மணியே அடிக்கல. அப்ப சூடே இல்லன்னுதானே அர்த்தம்? சூடில்லாம எப்படி மயக்கம் வரும்? காலைல சாப்பிடாம வந்திருப்பா. அதனால வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லன்னு சொல்லிட்டேன்." அவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு ஏசி ரிமோட்டை எடுத்து அழுத்தினார். "இந்த ரூமும் இந்தக் கோடைக்குத்தான் புதுசாக் கட்டினது. பழைய சுவத்துல இருந்த மீட்டரக்கூட இந்தத் தடுப்புக்கு மாத்தினோம். புது ஏசி. பதினாறுல வச்சாக்கூட மதியத்துல இழுக்க மாட்டேங்குது. ஏமாத்திட்டான் கடைக்காரன்."

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கொழுந்தனாரே, எந்திரிங்க. நாற்காலிய விட்டுட்டு வாங்க."

கூடத்துக்குள் நுழைந்ததும் கொழுந்தனுக்கு மூச்சு ஒரு கணம் நின்றுபோனது. கூரைத் தகரத்துக்குக் கீழே வெள்ளைச் சதுர அட்டைகளால் பொய்க்கூரை போட்டிருந்தார்கள். விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. இங்கே இருந்த சூட்டை எடுத்து அங்கே கொடுப்பதும், அங்கிருந்ததை இங்கே கொடுப்பதும்தான் அவற்றால் முடிந்தது. பெண்கள் கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் புஸ்ஸென்று நீராவி கிளம்பி அவர்கள் முகத்தையே தடவியது.

"அண்ணி, இதுல அரை மணி நேரம் நின்னா என்னையே மடிச்சுப் பெட்டில வச்சிரலாம்."

"உங்களுக்கு மடிப்பு நிக்காது. வாங்க."

மீட்டர் மேனேஜர் அறையின் பலகைத் தடுப்பில், கூடத்தைப் பார்த்தபடி, பொய்க்கூரைக்குச் சற்றுக் கீழே மாட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே மடிப்பக்காவின் மேசை. பக்கத்து மேசை காலியாக இருந்தது. அதுதான் ஓரகத்தியுடையது என்று சொல்லாமலே தெரிந்தது, ஏனென்றால் மடிப்பக்கா அந்தப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. நாற்பதைத் தாண்டிய, எலும்பும் உறுதியுமான உடம்பு. வந்தவர்கள் யார் என்று தெரிந்தும் அவள் கை நிற்கவில்லை.

"ஏறுங்க," என்றாள் அண்ணி ஸ்டூலைக் காட்டி.

கொழுந்தன் ஏறினான். ஸ்டூலின்மேல் நின்றதும் சூடு இன்னும் கனமாக அவன் தலையில் உட்கார்ந்தது. மீட்டர் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூலைகள் அப்படியே கூர்மையாக இருந்தன. எங்கும் இளகவில்லை, நிறம்கூட மாறவில்லை.

"இதுல இஸ்திரிப் பெட்டிய வச்சிருந்தா இந்நேரம் இது பாயசம் ஆகியிருக்கும் அண்ணி. சும்மா புதுசு மாதிரி இருக்கு."

"கீழ சுவத்தைப் பாருங்க."

டப்பாவுக்கு அடியில், சுண்ணாம்பு நிறப் பலகையில், கோடு கோடாகத் தடம். தண்ணீர் வழிந்து வழிந்து காய்ந்த தடம். ஒன்றிரண்டு நாளில் வந்ததாகத் தெரியவில்லை.

"அழுதிருக்கு," என்றான் கொழுந்தன். "இந்த மேனேஜர் கூட ஒரே சுவத்துல இருந்தா நானும் அழுவேன்."

அண்ணி மடிப்பக்காவின் பக்கம் போய் நின்றாள். அதிகாரம் எதுவும் குரலில் இல்லை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்பவள் மாதிரி கேட்டாள். "ஏங்க, மீட்டரச் சூடாக்கணும்னா யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

மடிப்பக்காவின் கை அப்போதுதான் நின்றது. பெட்டியைத் தாங்கியில் வைத்தாள். கழுத்துத் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"சூடாக்கலீங்க. குளிர வச்சேன்."

"ஈரத்துணி போட்டா?"

"ஆமா. மணி அடிச்சா என்னை அனுப்பிருவேன்னாரு. நான் அடிக்கிறேனா அதை? வெயில் அடிக்குது. வெயில்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா? என்ன பண்றதுன்னு தெரியல. துண்ட நனைச்சு அந்த டப்பா மேல போட்டேன். மணி அடிக்கல. கூடம் அதே சூடுதான், ஆனா மீட்டருக்கு மட்டும் குளிர் காலம்." அவள் ஒரு தடவை காலி மேசையைப் பார்த்தாள், சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டாள். "அப்படி நான் துணி போட்ட ஒரு நாள்லதான் அவ விழுந்தா."

கொழுந்தன் மெதுவாக ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

"மணி அடிச்சிருந்தா எல்லாரும் வெளிய போயிருப்போம். தண்ணி குடிச்சிருப்பா. விழுந்திருக்க மாட்டா. நான்தான் அதோட வாயப் பொத்தினேன். ஆஸ்பத்திரில அவ உடம்பு அப்படிக் கொதிச்சது, பேச்சு குழறுது. யாரு நான்னு அவளுக்குத் தெரியல. மறுநாள் மதியம் வேலைக்கு வந்ததும் நேரா ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் துணிய இழுத்து எறிஞ்சேன். கொஞ்ச நேரத்துல மணி அடிச்சது. அதைத்தான் அவரு பாத்திருக்காரு."

"இதை ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"சொன்னா வீட்டுக்குத் தெரிஞ்சுரும். ஒரே வீடு, ஒரே அடுப்படி. உப்புக்கும் புளிக்கும் நாங்க ரெண்டு பேரும் போடாத சண்டையில்ல. ஆனா இதைச் சொல்லி அவ முகத்த எப்படிப் பாக்கறது?" அவள் துண்டை மறுபடி கழுத்தில் சுற்றிக்கொண்டாள். "அவரு என்னை அனுப்பட்டுங்க. வேற காரணம் சொல்லி அனுப்பினாலும் எனக்குச் சரிதான். செஞ்சதுக்கு அனுபவிக்க வேணாமா?"

"அனுபவிக்கலாம்," என்றாள் அண்ணி. "ஆனா அடுத்தவங்க பங்கையும் சேத்து அனுபவிக்கக் கூடாது. மீட்டர நீங்க சூடாக்கலன்னா, வேற யாரோ சூடாக்கறாங்க இல்ல?"

"யாரும் இல்லீங்க. வெயில்தான்."

அண்ணியும் கொழுந்தனும் கூடத்துக் கதவுப் பக்கம் ஒதுங்கினார்கள். கொழுந்தன் சட்டைக் காலரை விசிறிக்கொண்டே முணுமுணுத்தான். "கேஸ் முடிஞ்சது அண்ணி. குற்றவாளி சூரியன். கைது பண்ண ஆள் அனுப்பணும். ஒரே ஒரு சந்தேகம்தான். நம்ம மேனேஜர் லீவு போட்டா சூரியனும் லீவு போடுதா?"

அண்ணி நின்றுவிட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க கொழுந்தனாரே."

"கிண்டலுக்குச் சொன்னேன் அண்ணி."

"கிண்டல் பண்றப்பதான் உங்க மூளை வேலை செய்யுது. மச்சினன் வீட்டுக்குப் போன நாளும் வெயில்தான். பல் புடுங்கப் போன நாளும் வெயில்தான். மணி அடிக்கல. இத்தனை நேரம் காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னு நினைச்சேன். காக்காவே பழத்தப் புடிச்சுத் தள்ளுதோ என்னமோ." அவள் குனிந்து கண்ணாடித் தடுப்பு வழியாக உள்ளே பார்த்தாள். மேனேஜர் கால்மேல் கால் போட்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். "அவரு வந்தா இந்தக் கட்டடத்துல எது ஆரம்பிக்குது? அவரு போனா எது நிக்குது?"

"திட்டு."

"அதத் தவிர."

கொழுந்தன் யோசித்தான். தன்னை வா வா என்று அழைத்த அந்த நாற்காலியும், அதற்கு எதிரே ஓடிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தன. "ஏசி," என்றான் மெதுவாக.

"உள்ள காத்து ஊதற பெட்டி தெரியும். வெளிய சூட்டைத் துப்பற பெட்டி ஒண்ணு இருக்கணுமே. அது எங்க?"

அதைத் தேடி இருவரும் வெயிலில் இறங்கினார்கள். கட்டடத்தின் முன்பக்கம் புதுப் பெயின்ட் பளபளத்தது. வாசலில் பூந்தொட்டிகள் வரிசை. சட்டை வாங்க வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அழகான முகப்பு. மேனேஜரின் அறை இருந்த இடத்தில் வெறும் வழவழப்பான சுவர்தான் இருந்தது. பக்கவாட்டில் பார்த்தார்கள். பின்னால் சுற்றினார்கள். சுவரில் பெட்டியும் இல்லை, பெட்டி மாட்டிய துளையும் இல்லை. கொழுந்தன் செருப்பின் அடி தரையில் ஒட்டி ஒட்டி விட்டது.

"நீங்க உள்ள போய்க் குழாய் எங்க போகுதுன்னு பாத்துட்டு வாங்க," என்றாள் அண்ணி.

இந்த உத்தரவுக்கு மட்டும் கொழுந்தன் மறுபேச்சே பேசவில்லை. பேனாவை மறந்துவிட்டதாகச் சொல்லி மேனேஜர் அறைக்குள் போனான். இல்லாத பேனாவை ஏசிக்கு அடியில் நின்று ஆற அமரத் தேடினான். ஏசியின் பின்னாலிருந்து கறுப்பு உறை போட்ட குழாய் ஒன்று கிளம்பி, சுவரை ஒட்டி மேலே ஏறி, பலகைத் தடுப்பைத் தாண்டி, கூடத்துப் பொய்க்கூரைக்குள் நுழைந்து மறைந்திருந்தது. அவன் திரும்பி வந்து கையால் அந்தப் பாதையைக் காற்றில் வரைந்து காட்டினான். கை முடிந்த இடத்துக்கு நேர் கீழே மீட்டர்.

அண்ணியின் முகத்தில், வீட்டில் அண்ணன் ஒளித்துவைத்த பலகாரத்தைக் கண்டுபிடிக்கும்போது வருகிற புன்னகை வந்தது.

"மேனேஜரக் கூப்பிடுங்க. ஆதாரம் ரெடின்னு சொல்லுங்க."

மேனேஜர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அறை புதிதாகக் கட்டியதிலிருந்து அவர் கூடத்தில் அதிகம் நின்றதில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. நாலு அடி வைப்பதற்குள் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"நடந்தத அப்படியே நடிச்சுப் பாக்கணும் சார்," என்றாள் அண்ணி. "நீங்க இந்தக் காலி மேசைகிட்ட நில்லுங்க. மயங்கி விழுந்தவங்க நின்ன இடம். மடிப்பக்கா, நீங்க கதவுகிட்ட போயி ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நில்லுங்க. மத்தவங்க பெட்டிய வச்சிட்டு மூணு அடி தள்ளி நில்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

"மணி அடிக்கிற வரைக்கும்."

மேனேஜர் நின்றார். முதலில் கைக்குட்டை நனைந்தது. பிறகு காலர் நனைந்தது. பிறகு அவர் விதி, கம்பெனி, முதலாளி என்று என்னவோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் மறந்துபோனார். முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் இரண்டொருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"தண்ணி..." என்றார் அவர்.

அப்போது மணி அலறியது.

மேனேஜர் திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தார். மடிப்பக்கா கதவோரம் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றிருந்தாள். மீட்டர் பக்கம் ஈ கூட இல்லை. "யாரு? யாரு பண்ணினது?"

"உங்க ஆளு சார்," என்றான் கொழுந்தன். ஸ்டூலில் ஏறி, மூலையில் கிடந்த விளக்குமாற்றின் அடிக்கட்டையால் மீட்டருக்கு மேலிருந்த பொய்க்கூரை அட்டையைத் தள்ளினான்.

அட்டை நகர்ந்ததும் எரிகிற அடுப்பின் வாயைத் திறந்தது போல ஒரு அனல் இறங்கியது. கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிட்டத்தட்ட மேனேஜர் தோளில் இறங்கினான். மேலே இருட்டில், தகரத்துக்கும் அட்டைக்கும் நடுவே, ஒரு பெட்டி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசிறி கீழே பார்த்துச் சுழன்றது.

"இது எங்க இருக்கணும் சார்?" என்றாள் அண்ணி.

மேனேஜர் நனைந்த கைக்குட்டையைப் பிழிந்தார். "வெளிய வச்சா முகப்பு அசிங்கமாத் தெரியும்னு... வாங்க வர்றவங்க படமெல்லாம் எடுப்பாங்க. உள்ள எங்கயாவது மறைச்சு வைங்கன்னேன். இவ்வளவு பெரிய கூடத்துல ஒரு சின்னப் பெட்டி என்ன பண்ணிடப் போவுதுன்னு..."

"ஏசி குளிர்ச்சிய எங்கருந்தும் கொண்டு வரல சார். உங்க ரூம்ல இருக்கற சூட்டை அள்ளி இன்னொரு இடத்துல கொட்டுது. நீங்க காட்டின இடம் இவங்க தலை. மதியம் இங்க சூடு ஏற ஏற, அந்தச் சூடு கண்ணாடி வழியா உங்க ரூமுக்கே திரும்ப வந்துச்சு. இழுக்க மாட்டேங்குதுன்னு நீங்க பதினாறுக்குத் தள்ளினீங்க. அது இன்னும் அள்ளி, இன்னும் கொட்டுச்சு. நீங்க லீவுல போனா இது ஓடாது. மணியும் அடிக்காது."

"அப்ப நீங்க சொன்னது ரொம்பச் சரி சார்," என்றான் கொழுந்தன். "நீங்க இருந்தாத்தான் மணி அடிக்குது. கால மட்டும் பாத்தீங்க, தலைக்கு மேல பாக்கல."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவர் முகம் மேனேஜருக்கு. ஆனாலும் அவரை முழுக்கக் கெட்டவர் என்று சொல்ல கொழுந்தனுக்கு மனம் வரவில்லை. அவர் பார்வை காலி மேசைக்குப் போனது. அந்த இடத்தில்தான் தானும் இவ்வளவு நேரம் நின்றோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மெதுவாக நடந்து போய்த் தன் அறையில் ஏசியை அவரே அணைத்தார். பொய்க்கூரைக்கு மேலே தடதடப்பு நின்றது.

எல்லோரும் வெளியே தகர நிழலுக்குப் போனார்கள். தண்ணீர்க் குவளை கைமாறிக் கைமாறி வந்தது. மேனேஜருக்கும் ஒரு குவளை வந்தது. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். மணி நின்றது. உள்ளே போனார்கள். கூடத்தில் வித்தியாசம் தெரிந்தது, அட்டை நகர்ந்த மூலையில் கூட மூச்சு விட முடிந்தது. ஆனால் வெயில் உச்சியிலிருந்து இறங்க மனமில்லாமல் தகரத்தின்மேலேயே உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் போனதும் மணி மறுபடி அலறியது.

மேனேஜர் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா? ஏசி ஓடல! அப்பவும் அடிக்குது! அப்ப நான் இல்ல!"

"நீங்க பாதி சார். மீதிப் பாதி வெயில்," என்றாள் அண்ணி. "போன மாசம் உங்க லீவு நாள்ல இருந்த வெயில் இல்ல இது. நாளுக்கு நாள் ஏறிட்டிருக்கு. உங்க பாதிய நாங்க கண்டுபிடிச்சுட்டோம். வெயிலப் புடிக்க எங்க ஆபீஸ்ல ஆள் கிடையாது. அதுக்குத்தான் அந்த மணிய வச்சிருக்காங்க. அது அடிச்சா எதிரி யாருன்னு தேடாதீங்க, வெளிய வாங்க."

அவர் தலையாட்டினார். எல்லோரும் மறுபடி வெளியே வந்ததும் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார். பெண்கள் எல்லோரும் நிழலில் உட்கார்ந்து, கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஆளக் கண்டுபிடிச்சாச்சு... இல்ல சார், மடிப்பக்கா இல்ல... நம்ம ஆளுதான்... ரொம்ப வருஷமா வேலை பாக்கறவர்தான்... ஆமா சார், உங்ககிட்ட பேசிட்டிருக்கறவர்தான்." அந்தப் பக்கம் நெடுநேரம் ஏதோ சத்தம் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் சார், அந்தப் பொண்ணு மயங்கி விழுந்தது சூட்டுனாலதான். வைத்தியம் நம்ம பொறுப்பு. நான் சொன்னது தப்பு."

போனை வைத்ததும் அவர் மடிப்பக்காவைப் பார்த்தார், பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார், கடைசியில் "வேலையப் பாரும்மா... இல்ல, உக்காரு, மணி நிக்கட்டும்," என்றார்.

வழக்கு முடிந்தது என்று கொழுந்தன் அண்ணியின் கைப்பையை எடுக்கப் போனான். மடிப்பக்கா எழுந்து வந்து அண்ணியின் எதிரே நின்றாள். வேலை பிழைத்த மகிழ்ச்சி அவள் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

"அவரு பாதி, வெயில் பாதின்னீங்க. என் பங்கைச் சொல்லலையே மேடம்."

"அதை நான் சொல்றதுக்கில்ல. சொல்ல வேண்டியவங்ககிட்ட கேளுங்க," என்றாள் அண்ணி.

மடிப்பக்கா தன் போனை எடுத்தாள். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் அழுந்திவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மறுமுனையில் களைத்த ஒரு குரல் "என்னக்கா?" என்றது.

"ஏய்... அன்னைக்கு மணி அடிக்கல இல்ல. அதுக்குக் காரணம் நான்தான். ஈரத்துண்டு போட்டு அந்த மீட்டர அமுக்கி வச்சேன். நீ விழுந்ததுக்கு நான்தான் காரணம். இத்தனை நாளா உனக்கு ஊட்டி விட்டுக்கிட்டே இதைச் சொல்லாம..."

இணைப்பு போய்விட்டதோ என்று மடிப்பக்கா போனைப் பார்த்தாள்.

"தெரியும்க்கா," என்றது குரல்.

"என்ன தெரியும்?"

"நீங்க துண்டு போடறது. அன்னைக்கு நீங்க போட்ட துண்டு சீக்கிரமே காஞ்சு போச்சு. அந்தச் சூட்டுல எப்படி ஈரம் நிக்கும்? நீங்க கழிவறைப் பக்கம் போயிருந்தீங்க. மணி அடிச்சா அந்தாளு உங்களை அனுப்பிருவாரேன்னு, நான்தான் ஸ்டூல்ல ஏறித் துண்டை எடுத்து மறுபடி நனைச்சுப் போட்டேன். எனக்கு அப்பவே தலை சுத்திட்டிருந்துச்சு. இறங்கினதுதான் ஞாபகம்." குரல் கொஞ்சம் தயங்கியது. "சொன்னா நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

மடிப்பக்கா போனை வாயருகே இழுத்தாள்.

"அறிவிருக்காடி உனக்கு? தலை சுத்துதுன்னா உக்கார வேண்டியதுதானே? எனக்கு வேலை போனா போகுது, நீ போயிருந்தா நான் யார்கூடடி சண்டை போடறது?"

"நாளைக்கு வேலைக்கு வந்துர்றேன்க்கா."

"வந்தா கால ஒடிச்சுப் போடுவேன். படு. அடுப்படிப் பக்கமே போகாத. நான் வந்து எல்லாம் பாத்துக்கறேன். தண்ணி குடிச்சியா? குடி. இப்பவே குடி, நான் கேக்கணும்."

மறுமுனையில் தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. மடிப்பக்கா போனை அணைத்துவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நிழலில் உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று துப்பறிய கொழுந்தன் கழுத்தை நீட்டினான். அண்ணி அவன் சட்டைக் கையைப் பிடித்து பஸ் நிறுத்தத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.